எந்தச் சோளம் நம் மண்ணுக்கு? விவசாயியே தீர்ப்பு சொல்லட்டும்

"சோளத்தில் எந்த ரகம் நல்ல விளைச்சல் தரும்?" கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் இந்த ஒரு வரிக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. ஒரு வரியில் பதில் சொல்வதும் சுலபம்தான். கோ 32 என்று எழுதலாம், கே 12 என்று எழுதலாம். இரண்டும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நல்ல ரகங்கள். ஆனால் கேட்டவர் வானூர், மரக்காணம் பக்கத்துக்காரர் என்றால் அந்தப் பதில் பாதிப் பதில்தான்.

வானூர் வட்டத்தில் மேற்கிலிருந்து கிழக்கே நடந்து போனால் மண் மாறிக்கொண்டே வரும். மேட்டில் செம்மண், அதில் மணிலாவும் சவுக்கும். இறங்கினால் கழுவெளியை ஒட்டிய களிமண். மழைக்காலத்தில் கால் வைத்தால் முழங்கால் வரை போகும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். இன்னும் கிழக்கே போனால் கடற்கரை மணல். அங்கே கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் உப்பு தெரியும். மரக்காணம் உப்பளம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பயிர் செய்கிறவரும், செம்மண் மேட்டில் மானாவாரி செய்கிறவரும் ஒரே வட்டாரம். இருவருக்கும் ஒரே சோளம் பொருந்துமா?

இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாது. விவசாயியின் நிலத்தில், விவசாயியின் செலவில் இல்லாமல், அவர் கண்ணாலேயே பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு வழி இருக்கிறது. பங்கேற்பு ரகத் தேர்வு என்று அதற்குப் பெயர். இந்தியாவிலும் வெளிநாட்டிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் முறைதான்.

பெரிய ரகமும் சின்னக் குறையும்

விவசாயியைக் கேட்காமல் ரகம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சோளத்திலேயே பாடம் இருக்கிறது. இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சோளமான சி.எஸ்.எச். 1, 1964ஆம் ஆண்டு வெளியானது. குட்டைப் பயிர், சுமார் 100 நாளில் அறுவடை, உரம் போட்டால் கொட்டிக் கொடுக்கும் விளைச்சல். மகாராஷ்டிரத்தில் மழைக்காலச் சோளம் செய்தவர்கள் ஆவலோடு விதைத்தார்கள். விளைச்சலும் வந்தது. ஆனால் அங்கே காலங்காலமாக இருந்த நாட்டு ரகங்கள் மழை ஓய்ந்த பிறகே பூத்து மணி பிடிக்கும். புது ஒட்டு ரகமோ மழை பெய்துகொண்டிருக்கும்போதே முற்றியது. நனைந்த கதிரில் பூசணம் ஏறி மணி கறுத்தது. கறுத்த சோளத்துக்குச் சந்தையில் விலை கிடையாது. தட்டை குட்டை என்பதால் மாட்டுத் தீவனமும் குறைந்தது. ரொட்டி பழைய சோளம் போல் வரவில்லை என்ற மனக்குறை வேறு.

அதே மாநிலத்தில் மழைக்குப் பின் விதைக்கும் பட்டத்தில் 'மால்தண்டி' என்ற நாட்டுச் சோளத்திலிருந்து 1930களில் மோஹோல் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்த எம். 35-1 ரகம் இன்றைக்கும் நிலத்தில் நிற்கிறது. எத்தனையோ புது ரகங்கள் வந்தும் அதை அசைப்பது சுலபமாக இல்லை. முத்துப் போன்ற வெள்ளை மணி, இனிப்பான ரொட்டி, மாடு மிச்சம் வைக்காத தட்டை. விவசாயி எடை போடுவது மணியை மட்டும் அல்ல.

பிற்பாடு அதே பகுதியில் அணுகுமுறை மாறியது. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் 2009இல் தொடங்கிய திட்டம் ஒன்றில், மகாராஷ்டிர வேளாண் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து விவசாயிகளின் நிலத்திலேயே ரகங்களைப் போட்டுப் பார்த்தார்கள். ராகுரி பல்கலைக்கழகத்து ரகங்கள் மண்ணின் ஆழத்துக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டவை. மண் ஆழம் குறைந்த நிலத்துக்கு ஃபுலே அனுராதா, நடுத்தர ஆழத்துக்கு ஃபுலே சித்ரா, ஆழமான கரிசலுக்கு ஃபுலே வசுதா. ஒரு மாவட்டத்துக்கு ஒரு ரகம் என்ற பேச்சை விட்டு, ஒரு வயலுக்கு ஒரு ரகம் என்ற இடத்துக்கு வந்தார்கள். வானூருக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட பார்வைதான்.

குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் மூன்றும் சந்திக்கும் பழங்குடி மேட்டு நிலங்களில் நடந்தது இன்னொரு கதை. 1990களில் கிரிப்கோ நிறுவனத்தின் மானாவாரி வேளாண்மைத் திட்டத்தில் நெல், மக்காச்சோளம் உள்ளிட்ட பயிர்களில் பல ரகங்களை விவசாயிகளிடம் கொடுத்து, "நீங்களே பாருங்கள்" என்று விட்டார்கள். விவசாயிகள் பிடித்துக்கொண்டது கலிங்கா 3 என்ற நெல் ரகத்தை. கட்டாக் நெல் ஆராய்ச்சி நிறுவனத்து ரகம் அது. அந்தப் பகுதிக்கு அரசு பரிந்துரைத்த பட்டியலில் இருந்ததல்ல. சாயும் என்பது அதன் குறை. ஆனால் சீக்கிரம் விளையும், அரிசி சன்னம். பசி மாதத்தில் கைக்கு வரும் அரிசி, சாய்ந்தாலும் அரிசிதானே. விதை உறவுக்காரர் வழியாகவே ஊர் ஊராகப் பரவியது.

குறுகிய நாள் எல்லா இடத்திலும் நல்லதா?

இல்லை. வானூர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவில் கேமரூன், சாட் நாடுகளில் எஸ். 35 என்ற சோளம் பேர் வாங்கியது. அதன் வேர் பட்டான்செருவு இனவிருத்தியில்தான் இருக்கிறது. மழை சீக்கிரம் நின்றுவிடும் அந்த வறண்ட பகுதியில், 1984 வறட்சியில் உள்ளூர் ரகங்கள் காய்ந்தபோது இது முன்னதாகவே முற்றித் தப்பித்தது. கேமரூன் அரசு 1986இலும் சாட் அரசு 1989இலும் அதை வெளியிட்டன. முன்னதாக முற்றுவதால் குருவிகள் முதலில் அதன் மேல்தான் விழுகின்றன என்ற குறையும் கூடவே வந்தது.

அங்கே மழை முன்கூட்டி நிற்கும். நம் கடற்கரையில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் அடித்துப் பெய்யும், மார்கழி வரைக்கும் இழுக்கும். 2011 டிசம்பர் 30இல் வந்த தானே புயலும், 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலும் இந்தப் பக்கத்து மக்களுக்கு மறக்காது. புரட்டாசி முதல் வாரத்தில் 95 நாள் சோளத்தை விதைத்தால் மார்கழியில் மணி முற்றும். அந்த வாரம் மழை பிடித்தால் கதிர் பூசணம் பூக்கும், சில சமயம் கதிரிலேயே முளைக்கும். அதே நாளில் 105-110 நாள் ரகத்தை விதைத்தவருக்குத் தை பிறக்கும் சமயம் அறுவடை. பத்துப் பதினைந்து நாள் வித்தியாசம்தான், ஆனால் அதுவே மணி வெள்ளையா கறுப்பா என்று முடிவு செய்துவிடும். கிணற்றுப் பாசனம் இருக்கிறவர் தை, மாசியில் விதைத்தால் இந்தக் கவலை இல்லை. அவருக்குக் குறுகிய நாள் ரகம் தண்ணீரை மிச்சம் பிடிக்கும்.

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2015இல் வெளியான கே 12 சுமார் 95 நாள் ரகம். தென் மாவட்டக் கரிசல் மானாவாரியை மனதில் வைத்து உருவானது. கோயம்புத்தூரிலிருந்து 2020இல் வந்த கோ 32, 105-110 நாள் ரகம். மணிக்கும் தீவனத்துக்கும் பொருந்தும் இரட்டைப் பயன் ரகம். மானாவாரியில் எக்டேருக்குச் சுமார் 2,400 கிலோ மணி கொடுக்கும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ பத்து குவிண்டால். கழுவெளிக் களிமண்ணில் அது எவ்வளவு கொடுக்கும் என்பதை அந்த மண்தான் சொல்ல வேண்டும்.

உப்புத் தண்ணீரும் சோளமும்

கடற்கரை ஒட்டிய கிணறுகளில் உப்பு ஏறி வருவதால், மணிலாவும் நெல்லும் முன்போல் வருவதில்லை என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. அங்கே சோளத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது. உலகெங்கும் பயன்படும் உவர் தாங்கும் அட்டவணையில், விளைச்சல் குறையத் தொடங்கும் எல்லை மக்காச்சோளத்துக்கு 1.7, நெல்லுக்கு 3.0, மணிலாவுக்கு 3.2, தட்டைப்பயறுக்கு 4.9, சோளத்துக்கு 6.8. டெசிசீமன் என்ற அளவில் சொல்லப்படும் மின்கடத்துத் திறன், அதாவது ஈ.சி., எண்கள் இவை. மணிலா கைவிட்ட இடத்தில் சோளம் நிற்கக்கூடும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அட்டவணை எண்கள் மண்ணைச் சேறாகக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றில் அளந்தவை. நம் மண் பரிசோதனை நிலையங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து அளப்பதே வழக்கம். தண்ணீர் கூடினால் உப்பு நீர்த்துப்போய் எண் சிறியதாகத் தெரியும். "அட்டையில் 2 என்று போட்டிருக்கிறது, 6.8க்கு எவ்வளவோ தூரம் இருக்கிறது" என்று நினைத்து விதைத்துவிடக் கூடாது. மணற்பாங்கான மண்ணில் இந்த வித்தியாசம் இன்னும் பெரியது. அட்டையைக் கொடுத்தவரிடமே கேட்டுத் தெளிவது நல்லது.

இன்னொன்று, வளர்ந்த சோளம் தாங்கும் உப்பை முளைவிடும் சோளம் தாங்காது. முதல் தண்ணீர் மழைநீராக இருந்தால் பாதி வெற்றி. விதைப்பை மழையோடு சேர்த்துக்கொண்டு, உப்புத் தண்ணீரைப் பயிர் நிலைத்த பிறகு கொடுத்துப் பார்க்கலாம். ரகத்துக்கு ரகம் முளைப்பு மாறும். அதையும் சோதனையில் எண்ணிப் பார்க்க வேண்டும்: ஒரு மீட்டர் வரிசையில் பத்தாம் நாள் எத்தனை நாற்று நிற்கிறது?

ஐந்து சென்ட் போதும்

சோதனைக்காக ஏக்கர் கணக்கில் நிலத்தைப் பணயம் வைக்கத் தேவையில்லை. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் 1990களில் உருவாகி, இப்போது பல நாடுகளில் நடக்கும் முறை ஒன்று நமக்கு வசதி. தாய்த் திடல், சேய்த் திடல் என்று அதைச் சொல்லலாம். ஊருக்குப் பொதுவாக, எல்லோரும் நடந்து போகிற வழியில் ஒரு தாய்த் திடல். அதில் நான்கைந்து ரகங்களும் உள்ளூர்ச் சோளமும் வரிசையாக இருக்கும். சேய்த் திடல்கள் தனித்தனி விவசாயிகளின் நிலத்தில். ஒருவருக்கு ஒரே ஒரு புது ரகம். அதற்குப் பக்கத்திலேயே அவர் வழக்கமாகப் போடும் ரகம். இரண்டும் ஐந்து சென்ட் வீதம், ஒரே நாளில் விதைப்பு, ஒரே உரம், ஒரே களையெடுப்பு. உள்ளூர் ரகம் பக்கத்தில் இல்லாத சோதனை வெறும் விளம்பரத் திடல்.

மானாவாரிக்கு ஏக்கருக்கு 6 கிலோ விதை என்றால் ஐந்து சென்ட்டுக்கு 300 கிராம். இறவையில் 200 கிராம் போதும். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர். புது ரகத்துக்கு மட்டும் ஒரு கூடை எரு அதிகம் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். போட்டால் சோதனை கெட்டது.

வானூருக்கு மூன்று மண்ணிலும் சேய்த் திடல்கள் வேண்டும். செம்மண்ணில் நான்கு பேர், களியில் நான்கு பேர், உப்பு மணலில் நான்கு பேர் என்று பன்னிரண்டு குடும்பம் சேர்ந்தாலே ஒரு பருவத்தில் நல்ல தகவல் கிடைக்கும். பன்னிரண்டு பேரும் வசதியானவர்களாகவோ, அலுவலகத்துக்கு அடிக்கடி வந்துபோகிற முன்னோடி விவசாயிகளாகவோ இருந்தால் பயன் குறைவு. குத்தகை நிலம் செய்கிறவரும், இரண்டு மாடு மட்டும் வைத்திருக்கிற பெண்ணும் அதில் இருக்க வேண்டும்.

அறுவடையில் ஓரத்து இரண்டு வரிசையை விட்டுவிட்டு, நடுவில் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் கயிறு கட்டி அறுத்துத் தனியாக அடித்து, காயவைத்து எடை போடவும். வந்த கிலோவை 200ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். 5 கிலோ வந்தால் ஏக்கருக்கு 1,000 கிலோ. இரண்டு ரகத்தையும் ஒரே அளவு நாள் காயவைத்திருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. தட்டையையும் கட்டாகக் கட்டி எடை போடவும்.

குருவித் தொல்லையை மட்டும் நிதானமாக எடைபோட வேண்டும். ஊரெல்லாம் பச்சையாக நிற்கும்போது ஐந்து சென்ட் மட்டும் முன்னதாகப் பால் பிடித்தால் கிளியும் குருவியும் ஊர்வலமாக வரும். அதற்காக ரகத்தைத் தள்ளிவிடக் கூடாது. ஊர் முழுக்க அதையே போட்டால் சேதம் பங்கு பிரிந்துபோகும். சிவப்பு மணி ரகங்களில் துவர்ப்பு உள்ளவற்றைப் பறவை அவ்வளவாகத் தொடாது. துவர்ப்பு மனிதருக்கும் பிடிக்க வேண்டுமே என்பது வேறு விஷயம்.

ஓட்டு யாருக்கு?

கதிர் முற்றும் சமயத்தில் தாய்த் திடலுக்கு ஊரை அழைக்க வேண்டும். ரகத்தின் பெயர் தெரியக் கூடாது, எண் மட்டும். ஒவ்வொரு பாத்திக்கு முன்னாலும் ஒரு பையைத் தொங்கவிட்டு, வருகிறவர் கையில் பிடித்த ரகத்துக்கு இரண்டு புளியங்கொட்டை, பிடிக்காததுக்கு இரண்டு கூழாங்கல் கொடுத்தால் போதும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. அதிகாரி பக்கத்தில் நிற்கக் கூடாது. அவர் கொண்டுவந்த ரகத்தை அவர் முகத்துக்கு நேரே குறை சொல்ல நம் மக்களுக்கு மனசு வராது. "நல்லா இருக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, அடுத்த பட்டத்தில் பழைய விதையையே எடுப்பார்கள்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு நிறத்தில் பை வைத்தால் இன்னும் நல்லது. ஆண்கள் கதிரின் பருமனைப் பார்ப்பார்கள். களத்தில் அடித்துத் தூற்றுகிற பெண்கள், உமி லேசில் விடுகிறதா, சுணை உடம்பெல்லாம் அரிக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அடுப்பு. ரகத்துக்கு ஒரு படி மாவாக்கி, களியும் கூழும் தோசையும் செய்து பார்க்கட்டும். கரைத்த கூழ் மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது என்பதையும் ருசித்துச் சொல்லட்டும். களி விண்டு வராமல் ஒட்டினால் அந்த ரகம் எத்தனை குவிண்டால் விளைந்தாலும் வீட்டுக்குள் நுழையாது.

கடைசி நடுவர் மாடு. எடை போட்ட தட்டையை ரகவாரியாகத் தொட்டியில் போட்டு, மறுநாள் மிஞ்சிய கழிவை எடை போட்டால் போதும். இதை விளையாட்டாக நினைக்க வேண்டாம். ஐதராபாத் தீவனச் சந்தையில் சோளத்தட்டை வியாபாரத்தைப் பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, தட்டையின் செரிக்கும் தன்மை 47 சதவீதத்திலிருந்து 52 சதவீதமாகக் கூடினால் விலை ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது என்று கண்டார்கள். வியாபாரிகள் கையில் எந்தக் கருவியும் இல்லை. தண்டின் பருமனையும் இலையின் மென்மையையும் தொட்டுப் பார்த்தே விலை வைத்தார்கள்.

தீவனத்துக்கு மட்டும் என்றால், 2001இல் வெளியான கோ எஃப்.எஸ். 29 என்ற மறுதாம்பு தீவனச் சோளத்தையும் ஒரு பாத்தியில் வைக்கலாம். முதல் அறுப்பு 65-70 நாளில், பிறகு ஏறத்தாழ 50 நாளுக்கு ஒரு அறுப்பு. ஆனால் எந்தச் சோளமானாலும் இளம்பயிரில் மாட்டை அவிழ்த்து விடக் கூடாது. இளஞ்சோளத்தில், அதிலும் வாடி நின்று மழைக்குப் பின் துளிர்த்த பயிரில், ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற நஞ்சு சேரும். மேய்ந்த சிறிது நேரத்திலேயே மாடு விழுந்துவிடும். பூத்த பிறகு அறுத்துப் போடுவதே பாதுகாப்பு. சோதனைத் திடலுக்கு வேலி போடச் சொல்வது பயிருக்காக மட்டும் அல்ல.

விதை கையில் தங்க

ஒரு பருவத்து முடிவை வைத்து ஊரே மாறிவிட வேண்டாம். மழை ஒரு வருடம் போல் இன்னொரு வருடம் இருப்பதில்லை. இரண்டு பருவம் பார்த்த பிறகு பிடித்த ரகத்தின் விதையை ஊரிலேயே பெருக்கலாம். கோ 32, கே 12 போன்றவை ஒட்டு ரகம் அல்ல என்பதால் சொந்த விதை எடுக்கத் தடையில்லை. வீரிய ஒட்டில் மட்டும் விதை எடுத்தால் அடுத்த தலைமுறை பிரிந்து கலவையாகிவிடும்.

சோளம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும் என்றாலும், பக்கத்து ரகத்தோடு சிறிதளவு கலக்கவே செய்யும். அதனால் ஐந்து சென்ட் சோதனைப் பாத்தியிலிருந்து விதை எடுக்க வேண்டாம். வேறு சோளம் இல்லாத இடத்தில், குறைந்தது 100 மீட்டர் தள்ளித் தனியாக விதைத்து, நடு வயலில் ஒரே மாதிரி உள்ள கதிர்களைப் பார்த்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்த விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பக்கத்துக்காரருக்குக் கொடுக்கவும், வணிகப் பெயர் போடாமல் விற்கவும் 2001ஆம் ஆண்டு பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் விவசாயிக்கு உரிமை கொடுத்திருக்கிறது. தலைமுறையாகக் காத்துவரும் நாட்டு ரகத்தை உழவர் ரகமாகப் பதிவு செய்யவும் அதே சட்டத்தில் இடம் உண்டு.

இதற்கெல்லாம் புதிதாக அலுவலகம் திறக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் ஒரு ரகத்தை வெளியிடும் முன் வேளாண்மைத் துறையோடு சேர்ந்து விவசாயிகளின் நிலத்தில் அனுசரணை ஆராய்ச்சித் திடல் போடுகிறது. வேளாண் அறிவியல் நிலையங்கள் வயல்வெளி ஆய்வு நடத்துகின்றன. விழுப்புரம் மாவட்டத்துக்கான நிலையம் திண்டிவனத்தில் இருக்கிறது. திட்டங்கள் இருக்கின்றன, கேட்கிறவர்கள்தான் குறைவு. "எங்கள் ஊரில் சோளத்துக்கு ஒரு ஆய்வு போடுங்கள், நிலம் நாங்கள் தருகிறோம், மூன்று மண்ணிலும் வேண்டும்" என்று பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் அது ஒரு தனி மனிதரின் கோரிக்கையைவிடக் கனமாக இருக்கும்.

புரட்டாசி விதைப்புக்கு விதை வேண்டும் என்றால் ஆனி மாதமே எழுதிக் கொடுப்பது நல்லது. மண் மாதிரியும் தண்ணீர் மாதிரியும் அதற்கு முன்பே, கோடை உழவுக்குப் போகும்போதே எடுத்து அனுப்பிவிட வேண்டும். தண்ணீர் மாதிரிக்கு மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிடிக்கவும். பாட்டில் மேல் பெயர், கிணறு இருக்கும் சர்வே எண், தேதி மூன்றையும் எழுதி ஒட்டினால் முடிவு வரும்போது எந்தக் கிணற்றுடையது என்று குழம்ப வேண்டியிருக்காது.